காரம் கம்மி: ஒரு கொலுசுப் பட்டறை வீட்டில் சண்டை முற்றும் முன்

பின்னணி

சேலம் கொலுசு பெரும்பாலும் ஆலைகளில் உருவாவதில்லை. சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துத் தெருக்களில் பல வீடுகளுக்கு முன்னறையே பட்டறை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். வீட்டில் உள்ளவர்கள் கம்பி இழுத்து, வளையம் கோர்த்து, ஒட்டுப் பொடியும் அது உருகி ஓட உதவும் வெங்காரம் என்ற உப்பும் வைத்து ஊதிப் பற்றவைத்து, முத்து சேர்த்து, மெருகேற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். வாங்கும்போதும் எடைதான், கொடுக்கும்போதும் எடைதான். நடுவில் கொஞ்சம் வெள்ளி குறையத்தான் செய்யும். அந்தச் சேதாரத்துக்கு ஓர் அளவு முன்கூட்டியே பேசியிருப்பார்கள். அதைத் தாண்டினால் கூலியில் கழியும். தரையைக் கூட்டிய தூசியைக்கூடக் குப்பையில் கொட்டாமல் டப்பாவில் சேர்த்து வைப்பது இதனால்தான்.

இங்கே எழுதியிருப்பது அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றி. நாற்பதுகளில் இருக்கும் கணவர், மனைவி, கணவரின் அம்மா (வீட்டில் எல்லாருக்கும் ஆயா), திருமணமாகாத தம்பி, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன் என ஆறு பேர். கணவர் கம்பி வேலை பார்க்கிறார், வியாபாரியிடம் கணக்கும் அவர் பொறுப்பு. ஊதிப் பற்றவைப்பது மனைவி. மெருகுக்குக் கொண்டுபோய் வாங்கி வருவது தம்பி. ஆயாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் கோர்த்த சங்கிலியை விரலால் தடவியே எந்த வளையம் பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு ஆறு பேரும் சம்மதம் தந்தார்கள்.

குடும்ப ஆலோசகர் என்ற முறையில் என்னிடம் முதலில் வந்தவள் மகள். காலை முதல் வகுப்புக்கு அடிக்கடி வராததால் கல்லூரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ராத்திரி தூக்கமில்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "எடை போட்டா எங்க வூட்டுல யாரும் தூங்க மாட்டாங்க மேடம்" என்றாள். பிறகு அம்மா வந்தார். ஆனி கடைசியில் வீட்டுக்கே போய்ப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் கவனித்தது

இரவு ஒன்பதை ஒட்டி எலக்ட்ரானிக் தராசு வெளியே வரும். அன்றைக்கு முடிந்த வேலை முழுவதையும் கணவர் அதில் வைப்பார். கணக்கு சரியாக இருந்தால் சாப்பாடு. குறைந்தால் சண்டை. நான் இருந்த ஓர் இரவில் பேச்சு இப்படிப் போனது.

"பதினெட்டு கிராம் எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா? மெருகுக்குப் போயிட்டு வந்தத யாருங்க எடை போட்டா?"

"அண்ணி, நான் என்ன வெள்ளியத் தின்னுட்டு வரேனா?"

கட்டிலில் இருந்த ஆயா இந்த இடத்தில்தான் வாயைத் திறந்தார். "அப்பன் வூட்டுல கணக்குப் பாத்து வளத்திருந்தா இந்தப் பேச்சே வராது."

அதோடு பதினெட்டு கிராம் மறந்துபோனது. கல்யாணத்தில் போட்ட நகை, போடாத நகை, தங்கை பிரசவத்துக்கு யார் செலவு செய்தது என்று பழசெல்லாம் வரிசையாக வந்தது. மகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மகள் மாடி ஏறிவிட்டாள். கணவர் சாப்பிடாமல் வெளியே போனார். குழம்பு அடுப்பிலேயே ஆறியது.

வெவ்வேறு இரவுகளில் பார்த்தபோதும் வரிசை மாறவில்லை. முதலில் எடை. அடுத்து குரல் ஏறும். அடுத்து "நீதான்" என்று விரல் நீளும். அதற்கப்புறம் பிறந்த வீட்டை இழுப்பது. கடைசியில் யாராவது ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போவது. விரல் நீண்ட பிறகு நிறுத்த முயன்றவர்கள் எல்லாரும் தோற்றார்கள். "சரி விடுங்க" என்று தம்பி சொன்னால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமானது.

இது இந்த வீட்டுக்கு மட்டும் உரியதில்லை. தம்பதிகளைப் பேசவிட்டு உடலின் மாற்றங்களையும் அளந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேன். வாக்குவாதத்தின் நடுவே இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்கிறார் அவர். உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். சண்டைக்கு நடுவில் ஒருவர் செய்யும் சின்னச் சமாதான முயற்சிகளையும் அவர் ஆராய்ந்தார். முகத்தைக் கோணுவது, ஒரு வேடிக்கைச் சொல், "இரு, மறுபடி முதலேர்ந்து சொல்றேன்" என்பது போன்றவை அவை. அந்த முயற்சி எவ்வளவு சாமர்த்தியமானது என்பதைவிட எதிரில் இருப்பவர் அதை ஏற்றுக்கொள்கிறாரா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கண்டது. இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இந்தக் கடைசிச் செய்தி.

அச்சம் இருக்கிறதா என்று பார்த்தது

எதையும் சொல்லும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். கை ஓங்கியது உண்டா, குடித்துவிட்டு வந்தால் என்ன நடக்கும், வீட்டில் யாராவது யாருக்காவது பயப்படுகிறார்களா என்று கேட்டேன். கணவர் எப்போதாவது குடிப்பார். அடித்ததில்லை என்று மனைவியும் மகளும் தனித்தனியே சொன்னார்கள். பயம் இருக்கிறதா என்ற கேள்விக்கு மனைவி சிரித்துவிட்டார். "பயமா? எனக்குக் கோவம்தாங்க இருக்கு" என்றார்.

வேறு பதில் வந்திருந்தால் சண்டை முற்றும் முன் நிறுத்த வேடிக்கையாகச் சொல்லும் விளையாட்டுக் குறி என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். அடிக்கிறவரைச் சிரிக்கவைத்துச் சமாளிக்கும் வேலையை அடி வாங்குகிறவர் தலையில் வைப்பது கொடுமை. அங்கே தேவைப்படுவது 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் தரும் பாதுகாப்பு. இதைப் படித்துவிட்டுத் தன் வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்கள் முதலில் இந்த இடத்தைக் கடக்க வேண்டும்.

தட்டுவடை வண்டி

குறி எது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது.

ஆடியில் ஒரு மாலை. அன்றைக்கு எடை சீக்கிரம் போட்டார்கள், ஆறு கிராம் குறைந்தது. குரல்கள் ஏறத் தொடங்கிய நேரத்தில் தெருவில் தட்டுவடை வண்டி வந்து நின்றது. சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி தடவிக் கொடுப்பது ஒரு செட்டு. மகன் ஜன்னலைத் திறந்து வண்டிக்காரரிடம் கத்தினான்: "அண்ணா, ஆறு செட்டு! எங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும் காரம் கம்மி!"

வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆயாவுக்கு?" என்றார். ஆயாதான் முதலில் சிரித்தார். அன்று எல்லாரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் இதைப் பற்றி ஆறு பேரிடமும் கேட்டேன். ஆறு பேருக்கும் அது நினைவிருந்தது. ஆறு பேரும் சொல்லும்போது சிரித்தார்கள். இப்படிப் பொதுவாக இருக்கும் சிரிப்பு சண்டைக்கார வீடுகளில் அபூர்வம். அதனால் அதையே பிடித்துக்கொண்டோம்.

மானிடவியலாளர் கிரிகரி பேட்சன் 1952இல் சான் பிரான்சிஸ்கோ உயிரியல் பூங்காவில் இரண்டு குரங்குகள் சண்டை போல விளையாடுவதைப் பார்த்து ஒரு கேள்வி எழுப்பினார். கடிக்கிற மாதிரி கடிப்பது நிஜக் கடி இல்லை என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? "இது விளையாட்டு" என்ற செய்தியை அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள முடிவதால்தான் என்பது அவர் பதில். தெருநாய்களிடம் இதை எளிதாகப் பார்க்கலாம். முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பாகத்தை உயர்த்தி நின்றுவிட்டுப் பாயும். தவறாக எடுத்துக்கொள்ளப்படக்கூடிய கடிக்கு முன்னும் பின்னும் நாய்கள் இப்படி வணங்குவதை ஆராய்ச்சியாளர் மார்க் பெக்காஃப் பதிவு செய்திருக்கிறார். குறி வரும் நேரம் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. கடித்து முடித்து ரத்தம் வந்த பிறகு வணங்கிப் பயனில்லை.

எடுத்த முடிவுகள்

ஆடிப் பண்டிகைக்குப் பட்டறை விடுமுறை. கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்து எல்லாரும் ஓய்வாக இருந்த பிற்பகலில் உட்கார்ந்து பேசினோம். தராசு அலமாரிக்குள் இருந்தது. சண்டை இல்லாத நேரத்தில் பேச வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

குறிச்சொல் "காரம் கம்மி". யார் சொன்னாலும் அந்த வாக்கியத்தோடு எல்லாரும் நிறுத்த வேண்டும். தராசை அணைத்துத் துணி போட்டு மூட வேண்டும். சாப்பிட வேண்டும். தராசை மூடுவது தம்பியின் யோசனை. அந்தச் சிவப்பு எண்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் அண்ணனால் வேறு எதையும் பேச முடியாது என்றார். இருபது நிமிடக் கணக்கை நான் சொன்னேன். கடிகாரம் பார்ப்பது ஆயாவுக்குப் பிடிக்கவில்லை. "சோறு தின்னு முடிக்க எம்புட்டு நேரம் ஆவுமோ அம்புட்டு நேரம்" என்று அவர் மாற்றினார். அது நான் சொன்னதைவிட நல்ல அளவு.

மனைவி மட்டும் பேசாமல் இருந்தார். கேட்டபோது சொன்னார்: "சிரிச்சுட்டா நான் சொன்னது இல்லைன்னு ஆயிடுமா?"

இந்த ஒரு கேள்விக்கு அன்றைய பேச்சில் பாதி நேரம் போனது. சண்டையை நிறுத்துவதும் புகாரை நிறுத்துவதும் வேறு வேறு. அவருக்கு இருந்தது நியாயமான புகார்: எடை குறையும் போதெல்லாம் முதல் சந்தேகம் தன் மேல்தான் விழுகிறது. எனவே இன்னொரு விதி சேர்ந்தது. குறிச்சொல்லால் நின்ற விஷயம் மறுநாள் காலை முதல் டீயின்போது மறுபடி பேசப்பட வேண்டும். அதை எடுத்துப் பேசும் பொறுப்பு குறிச்சொல்லைச் சொன்னவருடையது. நிறுத்தியவரே மறுபடி தொடங்கியும் வைக்க வேண்டும்.

கூடவே, விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு மாற்றமும் செய்தோம். நாள் முடிவில் மொத்தமாக எடை போடாமல், கம்பியிலிருந்து ஊதும் கைக்கு, ஊதும் கையிலிருந்து மெருகுக்கு, மெருகிலிருந்து வீட்டுக்கு என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் எடை போட்டுத் துண்டுச் சீட்டில் எழுதுவது. பொடி சேரும்போது எடை கூடும், மெருகில் குறையும். எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரியாமல் கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் யார் மேலும் பழி போடலாம்.

ஆவணி, புரட்டாசி

முதல் வாரங்கள் நன்றாகப் போயின. மகன்தான் அதிகம் சொன்னான். தம்பி சொன்னார். ஆயா ஒருமுறை தன்னைப் பார்த்தே சொல்லிக்கொண்டார். மருமகளின் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "எனக்கே காரம் கம்மி" என்றார். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் எனக்கு போன் செய்தார்கள் என்றே சொல்லலாம்.

பிறகு மூன்று சிக்கல்கள் வந்தன. மூன்றும் ஒரே கனம் உடையவை இல்லை.

மகனுக்கு இது விளையாட்டாகவே ஆகிவிட்டது. யார் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் சொன்னான், டிவியில் செய்தி வாசிப்பவருக்குக்கூடச் சொன்னான். ஒருநாள் அம்மா அழும் நிலையில் இருந்தபோது திருப்பிப் போட்டு, "காரம் தூக்கலா!" என்று கத்தி அவர் பேசுவது போலவே பேசிக் காட்டினான். உளவியலாளர் ராட் மார்ட்டின் நகைச்சுவையை வகைப்படுத்தும்போது சேர்க்கிற சிரிப்பையும் குத்துகிற சிரிப்பையும் தனித்தனியே வைத்தார்; பையன் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிட்டான். ஆனால் இது எளிதில் சரியானது. அடுத்தவரை நடித்துக் காட்டக் கூடாது, தன்னை நடித்துக் காட்டலாம் என்று அவனுடைய சித்தப்பாவே விதி போட்டார்.

இரண்டாவது கனமானது. கணவர் குறிச்சொல்லை மனைவியின் வாயை அடைக்கப் பயன்படுத்தினார். "போன மாசக் கூலி என்ன ஆச்சுங்க?" என்று அவர் அமைதியாகத்தான் கேட்டார். "காரம் கம்மி" என்று பதில் வந்தது. மறுநாள் டீயின்போது கணவர் அதை எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. மனைவி என்னிடம் சொன்னது: "முன்னாடி கத்துனா கேக்கவாவது செய்வாருங்க. இப்ப அதுவும் இல்ல."

கணவரிடம் தனியாகப் பேசினேன். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, ஆனால் செய்தார். குரல் உயராத இடத்தில் குறிச்சொல் செல்லாது என்றும், மறுநாள் எடுக்காமல் விட்டால் அவர் மறுபடி சொல்லும் உரிமை அந்த வாரம் இல்லை என்றும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார்கள். எழுதியது மகன். அவனுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

மூன்றாவது சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. மனைவி ஒருமுறைகூடக் குறிச்சொல்லைச் சொல்லவில்லை.

யார் யாரைக் கேலி செய்யலாம்

ராட்கிளிஃப் பிரவுன் என்ற மானிடவியலாளர் 1940இல் கேலி உறவு என்பதைப் பற்றி எழுதினார். சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்யலாம், செய்யவும் வேண்டும். கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. வேறு சில உறவுகளில் அதே சொல் அவமரியாதை. நம் வீடுகளில் இதை யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. மாமன் மச்சானைக் கேலி செய்யலாம். கொழுந்தன் அண்ணியிடம் விளையாடலாம். பேரன் ஆயாவின் தலையில் ஏறி உட்காரலாம். மருமகள் மாமியாரை?

இந்த வீட்டில் மகன், தம்பி, ஆயா மூவருக்கும் கேலி செய்யும் உரிமை பிறப்பிலேயோ வயதிலேயோ வந்தது. கணவருக்கு வீட்டுத் தலைவர் என்ற இடம் தந்தது. யார் மேல் பழி அதிகம் விழுகிறதோ அவருக்கு மட்டும் அது இல்லை. மாமியார் பேசும்போது "காரம் கம்மி" என்று அவர் சொன்னால் அது வேடிக்கையாக இருக்காது, எதிர்த்துப் பேசியதாகவே இருக்கும். ஆயா ஒருவேளை சிரித்திருக்கலாம். ஆனால் அந்த "ஒருவேளை"யை நம்பி வாயைத் திறக்கும் துணிச்சல் இருபது வருஷமாகப் பேச்சு வாங்கிய ஒருவருக்கு எப்படி வரும்?

குறிச்சொல் எல்லாருக்கும் பொது என்று ஆடியில் பேசியதெல்லாம் காகிதத்தில் மட்டும் சரி. சிரிப்புக்கும் வீட்டுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. மேலே இருப்பவர் இறக்கிவிடும் சிரிப்பு எளிது, கீழே இருப்பவர் ஏற்றும் சிரிப்புக்குச் செலவு அதிகம்.

இதற்கு வழி கண்டது மனைவியே. புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் ஆயா பழைய நகைப் பேச்சைத் தொடங்கினார். மனைவி ஊதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அத்தை, வெங்காரம் தீந்துபோச்சு" என்றார்.

ஆயாவுக்குப் புரியவில்லை. "நேத்துதானே வாங்கியாந்தான்? டப்பா நெறைய இருக்கே."

"தீந்துபோச்சுங்க அத்தை."

தம்பிக்குப் புரிந்துவிட்டது, சிரித்தார். பிறகு ஆயாவுக்கும் புரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றார்.

பட்டறையில் யார் வேண்டுமானாலும் யாரிடமும் சொல்லக்கூடிய வாக்கியம் அது. வேலைப் பேச்சு, அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்பவர் விரும்பினால் வேலைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு தன் கௌரவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கேலி செய்ய உரிமை இல்லாதவர் கேலி செய்யாமலே குறி காட்டும் வழியை ஊதும் மேசையிலிருந்தே எடுத்துக்கொண்டார். எந்த ஆலோசகரும் இதை அவருக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

ஆயாவின் பதிலும் அதே அளவுக்கு முக்கியம். "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்பதில் நிறுத்துகிறேன் என்பதும் இருக்கிறது, நாளைக்குப் பேசலாம் என்பதும் இருக்கிறது. அதன் பிறகு வீட்டில் குறி என்றால் இரண்டு வாக்கியங்கள்: ஒருவர் சொல்வது, மற்றவர் ஏற்பது. பதில் வராதவரை குறி முடியவில்லை என்று பொருள். "காரம் கம்மி"க்கும் ஒரு பதில் வைத்துக்கொண்டார்கள். "எத்தனை செட்டு?"

தீபாவளியும் கார்த்திகையும்

தீபாவளிக்கு முன் ஆர்டர் குவிந்தது. நள்ளிரவு தாண்டியும் வேலை நடந்தது. இந்த நாட்களில் சிறு சண்டைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இதற்கு விளையாட்டுக் குறி காரணம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் துண்டுச் சீட்டு முறைக்குத்தான் பெரிய பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மெருகுக்குப் போகும் இடத்தில்தான் அதிகம் குறைகிறது என்பது எழுத்தில் தெரிந்தது. தம்பி மெருகு போடுபவரிடம் எடையைப் பேசித் திருத்திக்கொண்டார். மனைவியின் பெயர் அடிபடுவது நின்றது. சண்டைக்குக் காரணமே குறைந்த வீட்டில் குறிச்சொல்லுக்கு வேலையும் குறையும்.

கார்த்திகையில் ஒரு பெரிய சண்டை வந்தது. மனைவியின் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் வீட்டுச் சீர் தனிக்கதை. இங்கே அத்தை வீட்டிலிருந்து என்ன செய்வது என்பது கேள்வி. கணவர் ஏற்கெனவே வாங்கியிருந்த ஒரு கடன் அப்போதுதான் வெளியே வந்தது, மனைவிக்குத் தெரியாமல் வாங்கியது. அன்றைக்கு யாரும் குறிச்சொல் சொல்லவில்லை. மகன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டதாகச் சொன்னான். அது சரியான கணிப்பு. கணவர் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மனைவி விழாவுக்குத் தனியாகப் போய் வந்தார்.

படிப்படியாக ஏறும் சண்டைக்குத்தான் இந்தக் குறி உதவும். மறைத்த கடன் ஒரேயடியாக உச்சிக்குப் போகும் விஷயம், அதைச் சிரித்து இறக்கவும் கூடாது. கணவன் மனைவி இருவரையும் மட்டும் வைத்துத் தனியே பேசினோம். கடன் எவ்வளவு, யாரிடம், வட்டி என்ன, எப்போது முடியும் என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். அந்த நோட்டு இப்போது மனைவியிடம் இருக்கிறது. கூலிப் பணம் வரும் நாளில் இருவரும் சேர்ந்துதான் அதைத் திறக்கிறார்கள்.

தை வரை வந்த நிலை

பொங்கலுக்குப் பிறகு கடைசியாகப் பார்த்தபோது வீட்டில் சண்டை நிற்கவில்லை, சுருங்கியிருந்தது. பிறந்த வீட்டை இழுக்கும் இடம் வரை போவது அபூர்வமாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஒன்றாக நடக்கிறது. "காரம் கம்மி" கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது, மகனுக்கே சலித்துவிட்டது. வெங்காரம் மட்டும் இன்னும் அவ்வப்போது தீர்ந்துபோகிறது. இப்போது கணவரும் அதைச் சொல்கிறார், அம்மாவிடம்.

மாமியார் மருமகளுக்கு இடையே பழைய நகை விஷயம் தீரவில்லை. அதை யாரும் உட்கார்ந்து பேசவும் இல்லை. நான் கேட்டபோது இருவருமே, தனித்தனியாக, இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

எடை முறையை முதலில் மாற்றி, ஒரு மாதம் விட்டுப் பார்த்து, பிறகுதான் குறியைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது எதைச் செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பட்டறை வீடுகளில் சண்டையின் பாதி வேர் வேலை நடக்கும் முறையிலேயே இருக்கிறது. சேகோ ஆலைக்கு மரவள்ளி அனுப்பும் வீடுகளிலும், தறி வீடுகளிலும் நான் இதையே பார்த்திருக்கிறேன்.

குறியைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டில் கேலி செய்ய உரிமை மிகக் குறைந்தவர் யார் என்று முதலில் பார்த்து, அவர் வாயில் இயல்பாக வரும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது மருமகளாக இருக்கும். சில வீடுகளில் வேலையில்லாமல் இருக்கும் மூத்த மகனாக, சில வீடுகளில் மருமகன் வீட்டில் தங்கியிருக்கும் மாமனாராக இருக்கலாம். குழந்தை கண்டுபிடித்த வேடிக்கைச் சொல் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் எல்லாராலும் சொல்ல முடியாது. ஏற்கும் வாக்கியத்தையும் முதல் நாளே வைத்துக்கொள்ள வேண்டும், அது தானாக வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

பணத்தைப் பற்றிய கேள்விக்குக் குறிச்சொல் செல்லாது என்று தொடக்கத்திலேயே தனியாக எழுதிவிட வேண்டும். கணக்குக் கேட்பது சண்டை இல்லை.

மகளைப் பற்றி ஒன்று. அவள்தான் முதலில் வந்தவள். ஆடியில் பேசியபோதும் உடன் இருந்தாள். ஆனால் அவள் குறிச்சொல்லை ஒருபோதும் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை. கேட்டபோது, "எல்லாரும் சிரிச்சா நானும் சிரிக்கணுமா மேடம்? எனக்கு வரல" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு: குரல் உயர்ந்ததும் மாடிக்குப் போக வேண்டும், ஏன் போனாய் என்று யாரும் கேட்கக் கூடாது, கீழே வந்ததும் யாரும் கூப்பிட்டு யார் பக்கம் நியாயம் என்று கேட்கக் கூடாது. இதை மார்கழியில்தான் தனி விதியாகச் சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் காலைப் பேருந்தை அவள் தவறவிடுவது குறைந்தது. இனி வரும் வீடுகளில், விளையாட விருப்பம் இல்லாதவருக்கு என்ன வழி என்பதை விளையாட்டைப் பற்றிப் பேசும் அதே நாளில் பேச வேண்டும்.